கழுகு இல்லாத கழுக்குன்றம்

சென்ற ஆண்டு நாங்கள் கல்விச் சுற்றுலாவாக மாமல்லபுரம் சென்றுவந்தது பலரும் அறிந்ததே. செங்கல்பட்டைத் தாண்டிக் கிழக்கு நோக்கிச் செல்கையில் ஒரு பெரிய குன்றும், அதன் உச்சியில் ஒரு கோயிலும் கண்ணில் பட்டன. ஊரின் பெயர் திருக்கழுக்குன்றம். தேநீர் அருந்துவதற்காகப் பேருந்தை அங்கே நிறுத்தினார்கள். கழுகுகளைப் பார்த்துவிடலாம் என்ற ஆவலில் நாங்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். வானத்தில் ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் பூக்கட்டிக் கொண்டிருந்த பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் எங்க காலத்தோட போச்சு கண்ணுங்களா. உச்சிப் பொழுதானா ரெண்டு கழுகு சரியா வந்து எறங்கும். குருக்கள் சர்க்கரைப் பொங்கல் வைப்பாரு. தின்னுட்டுப் பறந்துடும். காசியிலேருந்து வருதுன்னு சொல்லுவாங்க. ஒருநாள் வரல, மறுநாள் வரல, அப்புறம் வரவே இல்ல."

1990களின் இறுதியிலிருந்து அந்தக் குன்றுக்குக் கழுகுகள் வரவில்லை என்று பின்னர் அறிந்தோம். "இரண்டு பறவைகள் வராமற்போனால் என்ன சிஸ்டர்?" என்று எங்களுள் ஒருத்தி வகுப்பில் கேட்டாள். எங்கள் அறிவியல் ஆசிரியையாகிய சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "நீங்களே தேடிப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அவ்வாறு படித்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். உயிருள்ள இரையைத் தானே வேட்டையாடும் பறவையையும் நாம் கழுகு என்கிறோம். செத்ததை மட்டுமே தேடி உண்பதையும் கழுகு என்கிறோம். பின்னதற்குப் 'பிணந்தின்னி' என்று ஓர் அருவருப்பான அடைமொழியும் தந்திருக்கிறோம். ஆனால் பழந்தமிழில் இவற்றுக்கு எருவை, பாறு என்ற தனிப் பெயர்கள் இருந்தன. இன்று பறவை ஆர்வலர்கள் பாறு என்ற சொல்லையே மீண்டும் வழக்கிற்குக் கொண்டு வந்துள்ளனர். திருக்கழுக்குன்றத்திற்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். அவை தவிர வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு ஆகியனவும் நம் மாநிலத்தில் உண்டு.

பாறு அழகிய பறவையன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. ஆனால் அதற்கும் காரணம் உண்டு. இறந்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து உண்ணும் பறவைக்கு அங்கே இறகு அடர்ந்திருந்தால் இரத்தமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும் அன்றோ? அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. நம்மைக் கொல்லக்கூடிய நோய்க்கிருமிகள் பல அதனுள் சென்றால் அழிந்துவிடுகின்றன. ஒரு கூட்டமாக இறங்கினால் ஒரு முழு மாட்டையும் ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும்.

நம் நாட்டில் மாடுகள் கோடிக்கணக்கில் உள்ளன. பல ஊர்களில் மாடு இறந்தால் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கமாயிருந்தது. மீதி வேலையைப் பாறுகள் பார்த்துக்கொண்டன. வெளுத்துக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி உரத்திற்கு விற்றுப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. கூலியின்றி, விடுமுறையின்றி, ஒரு துப்புரவுப் படை நாடு முழுவதும் வேலை செய்தது. அப்படியொரு படை இருந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது மறைந்த பிறகுதான் எண்ணினார்கள்.

இராசஸ்தானத்தில் பரத்பூர் என்ற இடத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. 1980களின் பிற்பகுதியில் அங்கு வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் முந்நூறுக்கும் மேல் இருந்தன. 1990களில் பறவையியலாளர் விபு பிரகாஷ் அங்கே மீண்டும் கணக்கெடுத்தபோது கூடுகள் குறைந்துகொண்டே வந்தன. மரக்கிளைகளில் பாறுகள் கழுத்து தொங்கிய நிலையில் அமர்ந்திருந்தன. பிறகு கீழே விழுந்து இறந்தன. தொற்றுநோயாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு வீழ்ந்தது. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. இந்தக் கணக்கை நாங்கள் இருமுறை போட்டுப் பார்த்தோம்.

காரணம் பாகிஸ்தானில் கண்டுபிடிக்கப்பட்டது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குற்றவாளி தொற்றுநோய் அன்று. டைக்ளோஃபினாக் என்னும் வலி நீக்கும் மருந்து. மனிதர்களாகிய நாமும் மூட்டுவலிக்கு உட்கொள்ளும் மருந்துதான் அது. 1990களில் விலை மலிந்து, மாட்டுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. மடிவீக்கமோ கால்வலியோ கண்ட மாட்டின் துன்பம் தணியட்டும் என்ற இரக்கத்தினால்தான் விவசாயிகள் போட்டார்கள். அந்த இரக்கத்தில் குறைகாண முடியாது. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால், மருந்து அதன் உடலில் தங்கிவிடுகிறது. அதை உண்ணும் பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது.

இங்கே ஒரு பாடம் உண்டு. நம் உடல் கழிவை யூரியாவாக வெளியேற்றுகிறது. பறவைகளோ யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. பறவை எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுவே. சிறுநீரகம் கெட்டால் அந்த அமிலம் வெளியேற வழியின்றி ஈரலின் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிகிறது. இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது இந்த வெள்ளைப் படிவைத்தான்.

இத்தனை பாறுகள் சாக வேண்டுமானால் நாட்டிலுள்ள செத்த மாடுகளில் பாதியிலாவது மருந்து இருந்திருக்க வேண்டும் என்றே நாங்கள் நினைத்தோம். அது தவறு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஏனெனில் ஒரே உடலைப் பல பாறுகள் கூடி உண்கின்றன. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. குஞ்சு பொரிந்து, வளர்ந்து, தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகின்றன. இழப்பை ஈடுசெய்ய அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

பாறுகள் போன பின் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. தெருநாய்களுக்கு அது பெருவிருந்தாயிற்று. நாய்கள் பெருகின, நாய்க்கடி பெருகியது, வெறிநோய் பெருகியது. நாய் மெதுவாகத் தின்னும், பாதியை விட்டுவிட்டும் போகும். பாறைப் போல் கிருமியை ஒழிக்கவும் அதனால் இயலாது. வேறு வழியின்றி மக்கள் உடல்களை நீர்நிலைகளில் எறிந்த இடங்களில் தண்ணீரும் கெட்டது. எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் சுமார் 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தனர் என்பது அவர்கள் மதிப்பீடு. இதை வகுப்பில் படித்தபோது சற்றுநேரம் யாரும் பேசவில்லை. இரண்டு பறவைகள் வராமற்போனால் என்ன என்று கேட்டவளும் பேசவில்லை.

மும்பையிலுள்ள பார்சி மக்களின் துன்பம் வேறு வகையானது. இறந்தோரை மண்ணிலும் நெருப்பிலும் இடாமல் உயர்ந்த மதில் சூழ்ந்த கட்டடத்தில் வைத்துப் பறவைகளுக்கு ஒப்படைப்பது அவர்களது தொன்மையான முறை. பாறுகள் இல்லாமையால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அமைக்க வேண்டியதாயிற்று.

அரசு 2006இல் மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆயினும் மனிதர்களுக்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கிச் சிலர் மாட்டுக்குப் போட்டு வந்தனர். எனவே 2015இல் ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2023இல் கீட்டோபுரொஃபென், அசிகுளோஃபினாக் என்ற வேறு இரு மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. இவற்றுக்கு மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது. மாட்டின் வலியையும் அது தணிக்கும், பாறையும் கொல்லாது. அரியானாவில் பிஞ்சோர் என்ற ஊரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள்.

நம் மாநிலத்தில் பாறுகள் எஞ்சியிருக்கும் இடம் நீலகிரிக்குக் கீழேயுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளினூடே மாயாறு ஓடுகிறது. கரையிலுள்ள உயர்ந்த நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் ஏறத்தாழ 320 பாறுகள் தென்பட்டன. எங்கள் பள்ளியில் மூன்று வகுப்புகளைக் கூட்டினாலே அந்த எண்ணிக்கையை நெருங்கிவிடுவோம்! காட்டோரத்தில் சிறுத்தை மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்த உடலில் நஞ்சு தடவி வைப்பவர்களும் உண்டு. சிறுத்தைக்கு வைத்த நஞ்சைப் பாறும் தின்னும்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ணியிருந்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. இந்தக் கட்டுரைக்காகப் படித்துக் கொண்டிருந்த வாரத்தில் அவற்றுள் ஒன்றுக்கு மடி வீங்கியது. அவள் அப்பா மருந்துக் கடைக்குச் சென்றுவந்து, சிறு சிறு குப்பிகளாக நான்கை மேசையின்மேல் வைத்தார். தோழி லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். டைக்ளோஃபினாக்! "அப்பா, இது மாட்டுக்குப் போடக்கூடாதுப்பா" என்றாள். "எத்தனை வருஷமா போடறோம், உனக்கென்ன தெரியும்?" என்று அவர் முதலில் சினந்தாராம். அவள் கால்நடை மருத்துவமனைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டே போனாள். மருத்துவர் அம்மையார் குப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டு, மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்தார். மடி வீக்கம் நான்கு நாட்களில் வற்றியது.

அந்தப் பெயர் அப்பாவுக்கு மறந்துவிடக் கூடாதென்று தொழுவத்துச் சுவரில் தோழி சாக்குக் கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். கன்றுக்குட்டி அவ்வப்போது அதை நக்கி அழித்துவிடுகிறதாம். அவளும் மறுபடி மறுபடி எழுதி வருகிறாள்.