ஏன் கிளம்பி வரவில்லை?

அன்பு மகளே,

கிரண்ஜித் அலுவாலியா வழக்கைப் படித்துவிட்டு, "பத்து வருஷமா அடி வாங்கிக்கிட்டு ஏன் அங்கேயே இருந்தாங்க?" என்று கேட்டிருந்தாய்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். 1989இல் ஓர் இரவு, முகத்தை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டிய கணவன் தூங்கியபின் அவன் படுக்கைக்குத் தீ வைத்தார். சில நாளில் அவன் இறந்தான். ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த விசாரணையில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசவே இல்லை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு துணைநின்று போராடியது. 1992இல் கொலைத் தீர்ப்பு ரத்தாகி, அதே ஆண்டில் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஓர் உயிர் போகுமுன்பே அவருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

வழிகள் எப்படி அடைபடுகின்றன என்பதை, தப்பி வந்த பெண்கள் பின்னாளில் சொல்கிறார்கள். பலரும் அடியில் தொடங்குவதில்லை. சம்பளம் வந்ததும் ஏடிஎம் கார்டு கணவனின் சட்டைப்பைக்குப் போனதைச் சொல்வார்கள். அம்மாவிடம் பேசும்போது "ஸ்பீக்கர்ல போடு" என்றதைச் சொல்வார்கள். அன்று அதை அக்கறை என்றே நினைத்திருப்பார்கள். அடித்த மறுநாள் அவன் அழுவான், பூ வாங்கி வருவான். பிறந்த வீட்டிலும் "குழந்தைக்காகப் பொறுத்துக்கோ" என்பார்கள். கையில் காசும் பேச ஆளும் இல்லாமல் போனபின் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கிறோம். கிளம்பும் நேரத்தில்தான் கொடுமை உச்சத்துக்குப் போவதும் உண்டு.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது. வசவு, பாலியல் கொடுமை, காசைப் பிடுங்குவது எல்லாமே வன்முறைதான். திருமணம் போலச் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் அது பொருந்தும். வீடு அவன் பேரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தாரும் அவரிடம் தகவல் சொல்லலாம். 181 பெண்கள் உதவி எண்.

உன் தோழி ஒருத்தி வாய் திறந்தால் முதலில் நம்பு. "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போக பயமா இருக்கா?" என்று கேள். ஆதார், பாஸ்புக், சான்றிதழ் நகல்களை அவளுக்காக உன்னிடம் வைத்துக்கொள். எப்போது கிளம்புவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். திரும்பவும் அவனிடமே போனாலும் அவளோடு பேச்சை நிறுத்திவிடாதே. அவளைத் தனியாளாக்குவது அவன் வேலை. அதற்கு நாம் துணை போகக் கூடாது.

அன்புடன்,
உன் அத்தை