தோற்காத ரோபோவும் அதன் வேகக் கண்ணும்

உங்கள் கம்ப்யூட்டரின் வெப் கேமரா வழக்கமாக நொடிக்கு 30 படங்கள் எடுக்கும். வீடியோவில் பேச இது போதும். ஆனால் இரண்டு படங்களுக்கு இடையே 33 மில்லி செகண்ட் ஓடிவிடும். அதற்குள் நடப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 1000 மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு நொடி.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இஷிகாவா ஆய்வகம் 2012-ல் ஒரு ரோபோ கையை அறிமுகப்படுத்தியது. கல், தாள், கத்தரிக்கோல் விளையாட்டில் அது எப்போதும் ஜெயிக்கும். அது எதையும் ஊகிப்பதில்லை. நம் விரல்கள் உருவாக்கும் வடிவத்தை, வேக கேமரா மூலம் சுமார் 1 மில்லி செகண்டில் கண்டுகொள்கிறது. உடனே அதை வெல்லும் வடிவத்தைக் காட்டுகிறது. உண்மையில் ரோபோ சற்றுத் தாமதமாகத்தான் கை நீட்டுகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை!

கேமரா மட்டும் வேகமாக இருந்தால் போதுமா? போதாது. ஸ்லோமோஷன் படங்களைச் சேமித்துவைத்துப் பிறகு பார்க்கலாம். இங்கே ஒரு படத்துக்கான விடை, அடுத்த படம் வருவதற்குள் கிடைத்தாக வேண்டும். இதைத்தான் 'ரியல் டைம்' என்கிறோம். தாமதமாக வரும் சரியான விடையும் இங்கே தவறான விடைதான்.

விளையாட்டுக்கு மட்டுமல்ல இந்த நுட்பம். இதே ஆய்வகம் உருவாக்கிய புத்தக ஸ்கேனர், பக்கங்கள் புரளும்போதே அவற்றின் வளைவை அளந்து, நிமிடத்துக்கு 250 பக்கங்கள் வரை நேராக்கிப் பதிவு செய்தது.