மேகாலய மலைகளில் இடம்சார் உயர்கல்வி

நிலத்தை அடமானமாகப் பெற்று வேளாண் கடன் வழங்கும் முறையைப் பொருளாதார மாணவர் அனைவரும் அறிவர். நிலம் தனி ஒருவர் பெயரில் பதிவாகியிருப்பதே அதன் அடிப்படை. மேகாலயத்தின் மலைப் பகுதிகளிலோ பெரும்பாலான நிலம் குலத்திற்கோ சமூகத்திற்கோ உரியது. காசி மக்கள் சமூக நிலத்தை 'ரி ரைத்' என்றும், குலமோ குடும்பமோ உடைமையாகக் கொண்ட நிலத்தை 'ரி கின்தி' என்றும் பிரித்தறிகின்றனர். பாடநூலை மட்டும் கற்ற பட்டதாரி நாளை இங்கு வங்கி அலுவலராகவோ வளர்ச்சி அலுவலராகவோ பொறுப்பேற்றால், உழவர் கடன் பெற இயலாமற்போவதன் காரணம் அவருக்கு எளிதில் விளங்காது. இடம்சார் கல்வியின் தேவை இங்குதான் எழுகிறது.

இடம்சார் கல்வி என்பது கல்விச் சுற்றுலா அன்று. ஒரு வட்டாரத்தின் நிலம், மொழி, தொழில், சந்தை, ஆட்சிமுறை ஆகியவற்றையே பாடப்பொருளாகக் கொண்டு, பொதுக் கோட்பாடுகளை அவற்றின் வழியே சோதித்தறிவது அது. வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த 1973-ஆம் ஆண்டுச் சட்டமே, மலைவாழ் மக்களின் சமூக, பொருளாதார மேம்பாட்டில் தனிக் கவனம் செலுத்துதலை அதன் நோக்கங்களுள் ஒன்றாக வகுத்துள்ளது.

பன்மையைப் பயிலுதல்

காசி மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தையும், காரோ மொழி திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தையும் சேர்ந்தவை. இரு மக்களும் தாய்வழிச் சமூகத்தினரே. எனினும் காசி மக்களிடையே மரபுரிமை வழக்கமாகக் கடைசி மகளைச் சேர்கிறது. காரோ மக்களிடையே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மகளைச் சேர்கிறது. 'மலைவாழ் மக்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அனைவரையும் அடக்கும் வினாப்பட்டியல் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டுவிடும்.

எல்லை கற்பிக்கும் பொருளியல்

வங்கதேசத்துடன் மேகாலயம் 443 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. தென்சரிவில் விளைந்த ஆரஞ்சு, பாக்கு, வெற்றிலை ஆகியவை முன்னர் சில்ஹெட் சமவெளிச் சந்தைகளுக்கு இயல்பாகச் சென்றன. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினை அவ்வழியைத் துண்டித்தது. பின்னர் இரு நாட்டு உடன்பாட்டின்படி 2011-இல் காளைச்சரிலும் 2012-இல் பாலாட்டிலும் எல்லைச் சந்தைகள் திறக்கப்பட்டன. சந்தை இழப்பு ஒரு சிற்றூரின் பயிர்முறையையும் வருவாயையும் எங்ஙனம் மாற்றுகிறது என்பதை எல்லையோர முதியோரிடம் கேட்டறியும் மாணவர், பன்னாட்டு வாணிகக் கோட்பாட்டின் மறுபக்கத்தைக் காண்பார்.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

முதலாவது, ஊர் மன்றத்தின் இசைவின்றிக் களப்பணி தொடங்கலாகாது. இரண்டாவது, வினாக்கள் அவ்வட்டார மொழியில் அமைதல் வேண்டும். அம்மொழி பேசும் மாணவர் குழுவில் வெறும் மொழிபெயர்ப்பாளராக நிறுத்தப்படாமல் ஆய்வாளராகவே பங்குபெற வேண்டும். மூன்றாவது, முடிவுகள் ஊராருக்கு அவர்தம் மொழியிலேயே எடுத்துரைக்கப்பட்டு, அவர்களின் திருத்தத்திற்கு உட்பட வேண்டும்.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, சமூகப் பணியை மதிப்பீட்டுப் புள்ளிகளுக்குரிய பாடமாக்க இடமளிக்கிறது. ஆயினும் புள்ளிகளுக்காக ஒருநாள் சென்று திரும்புவது கல்வியாகாது. பலமுறை வினவப்பட்டும் பயன் காணாத சிற்றூர், அடுத்து வரும் அலுவலரையும் ஐயத்துடனேயே நோக்கும். இன்று களத்தில் செவிமடுக்கப் பழகும் மாணவரே, நாளை திட்டத்தை மக்களுக்கேற்ப வகுக்கும் அலுவலராவார்.