ஈயம்: பெயர் ஒன்று, உலோகம் இரண்டு



விழா மேடையில் வெள்ளி மாதிரி மின்னும் நினைவுப் பரிசு கொடுப்பாங்களே, அது பல நேரம் பியூட்டராக இருக்கும். பியூட்டர் என்பது வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் ஆண்டிமனியும் சேர்ந்த கலவை. வெள்ளீயம் ரொம்ப மென்மையானது. மற்ற இரண்டும் அதற்கு உறுதி தருகின்றன.

நம் நாட்டு ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் கோலாலம்பூர். 1885-இல் சீனாவிலிருந்து அங்கே வந்த யோங் கூன், சீனர் வீட்டுப் பூஜை மாடங்களுக்கு ஊதுபத்தித் தாங்கிகளைப் பியூட்டரில் செய்து விற்றார். அந்தச் சின்னப் பட்டறைதான் இன்றைய ராயல் சிலாங்கூர்.

ஆனால் பழைய காலத்துப் பியூட்டரில் ஓர் ஆபத்து இருந்தது. ரோமானியர் காலம் முதலே விலை குறைவு என்பதால் காரீயத்தையும் கலந்தார்கள். எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கலவை என்று லண்டன் பியூட்டர் தொழிலாளர்கள் 1348-லேயே விதி வகுத்தார்கள். புளிப்பான உணவு பட்டால் காரீயம் கரைந்து உடம்புக்குள் போகும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு இன்னும் மோசம்.

"இது வெள்ளைக்காரன் கதைதானே?" என்று நினைக்காதீங்க. பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. நாமோ இரண்டையும் "ஈயம்" என்றே சொல்கிறோம். அந்தக் குழப்பத்தில் காரீயம் கலந்த சொம்பும் வீட்டுக்குள் வந்துவிடலாம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சொம்பை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளியில், உள்ளே காற்று தங்காமல் சொம்பை முழுக்க அமிழ்த்துங்கள். வழிந்த தண்ணீரை அளந்து, கிராமை மில்லிலிட்டரால் வகுங்கள். வெள்ளீயம் என்றால் 7.3 வரும், காரீயம் 11.3. விடை 8-ஐத் தாண்டினால் அந்தச் சொம்பு அடுப்படிக்கு வேண்டாம். ஆனால் 10 விழுக்காடு காரீயம் இருந்தாலும் 7.6 தான் வரும். அதனால் விடை 7.3-ஐ ஒட்டி வந்தாலும் சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கூடச் சோதனைதான் முடிவு. அதுவரை அதில் சமைக்காதீங்க.

இன்னொன்று: வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும். வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது. முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் நெருப்பு. பாட்டிக்கு இது படிக்காமலேயே தெரியும்!

பாட்டியிடம் வாதாட வேண்டாம். தராசை எடுத்துக்கொண்டு அவங்க பக்கத்தில் உட்காருங்கள். சேர்ந்தே அளந்து பாருங்கள். பெரியவர்கள் தந்ததைப் பத்திரமாகப் பயன்படுத்துவதும் மரியாதைதான்.