முருகைக்கல் தொட்டியில் பொஸ்பேற்று: யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடியைத் துடைத்த மறுநாளே பச்சைப் படலம் படிகிறது. கல்லெல்லாம் மயிர்ப்பாசி. முருகையின் நிறம் மங்கி, வளர்ச்சி நின்றுவிடுகிறது. கடல்நீர்த் தொட்டியில் இவை சேர்ந்து வந்தால் முதலில் பார்க்கவேண்டியது பொஸ்பேற்று. அளவு கூடினால் பாசிக்கு அது உரம். முருகை தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதற்கோ அது தடை.

தொடங்குபவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைக் கருவி காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் பொஸ்பேற்றை மட்டுமே. பெருந்தொகை கல்லிலும் மணலிலும் பாசியின் உடலிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு இது விளங்காத விஷயமில்லை. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரத்தில் பொஸ்பேற்றை மண்ணும் கல்லும் பிடித்துவைக்கின்றன. நைத்திரேற்று பிடிபடாமல் கிணற்றுக்கு இறங்கிவிடுகிறது. தொட்டியில் இருக்கும் கல்லும் மணலும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். அவையும் அப்படியே பிடித்துவைக்கும். தண்ணீரில் அளவு குறைந்ததும் திரும்ப விடும்.

படி 1: தண்ணீரைத் தெரிவுசெய்தல்

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பொஸ்பேற்றைப் போல நைத்திரேற்றும் பாசியை வளர்க்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) வடிகட்டியோடு டிஐ (அயன் நீக்கும்) பிசினையும் கடந்து வந்த தண்ணீரே உப்புக் கரைக்கவும், ஆவியாகிக் குறைந்ததை நிரப்பவும் ஏற்றது. கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மானி 0 காட்ட வேண்டும். கடையில் குடிக்க விற்கும் ஆர்ஓ நீரையும் மானியால் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கடல்நீரை நேரடியாக எடுப்பதானால் இடமும் காலமும் முக்கியம். பட்டினத்தின் கழிவுநீர் சேரும் யாழ்ப்பாணக் கடனீரேரி ஆகாது. கீரிமலையை அண்டிய கரையும் வேண்டாம். அங்கே நிலத்தடி நன்னீர் ஊற்றெடுத்துக் கடலில் கலக்கிறது, வயல் நைத்திரேற்றும் அதோடு வரலாம். தொண்டைமானாற்று வாய் திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கமும் போகாதீர்கள். மாரி மழை ஓய்ந்து உவர்ப்பு பழைய நிலைக்கு வந்தபின், வடகரையில் படகில் தள்ளிப்போய் எடுத்த தண்ணீர் நல்லது. எடுத்ததையும் சோதித்துப் பாருங்கள்.

படி 2: கல்லைச் சோதித்தல்

நம் கடலின் பார்களிலிருந்து முருகையை உடைத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதோடு, யாழ் குடாநாட்டுப் பார்களைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வு, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை இங்கே கண்டதாகச் சொல்கிறது. இன்னும் சரியாக எண்ணிக்கூட முடிக்காத செல்வம் அது. தொட்டிக்காக அதில் கைவைக்கக் கூடாது. வளர்ப்பில் பிறந்த முருகைத் துண்டுகளை வாங்குங்கள்.

பழைய மதிலில் இருந்த முருகைக்கல்லும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் மண்ணும் எருவும் பட்டு அது எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறதோ தெரியாது. வாங்கிய காய்ந்த கல்லையும் ஆர்ஓ நீரில் கரைத்த உப்புநீரில், சிறு பம்பு ஓடவிட்டு, ஒரு கிழமை ஊறவையுங்கள். பொஸ்பேற்று ஏறினால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். இந்தப் பொறுமை பின்னால் பல மாதச் சிரமத்தை மிச்சப்படுத்தும்.

படி 3: அளத்தல்

நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் சோதனைப் பெட்டிகளில் இளநீலங்களைப் பிரித்தறிவது கடினம். முடிந்தால் ஹன்னா செக்கர் போன்ற ஒளிமானி வாங்குங்கள். மிகக் குறைந்த அளவுக்கான எச்ஐ774, 0.00 முதல் 0.90 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) வரை காட்டும்.

குப்பியைத் தொட்டித் தண்ணீரால் அலசி, 10 மில்லிலீற்றர் நிரப்புங்கள். வெளிப்புறத்தை ஈரமும் கைரேகையும் இல்லாமல் துடைத்து, முதலில் பூச்சியம் பதியுங்கள். பிறகு பொடியை ஒரு துளியும் சிந்தாமல் முழுவதும் கொட்டி, இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். குமிழி இருந்தால் அளவு பொய்க்கும். முன்பு வைத்த அதே பக்கம் பார்க்கவைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தால் மூன்று நிமிட எண்ணிக்கை தொடங்கும். அதன்பின் வருவதே அளவு. குப்பியை ஆர்ஓ நீரால் மட்டும் கழுவுங்கள், சவர்க்காரம் வேண்டாம். நம் வெக்கையில் பொடிப் பொதிகளைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்பது அவசியம்.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனி போடுமுன் அளந்து எழுதிவையுங்கள்.

படி 4: எண்ணை வாசித்தல்

0.03 முதல் 0.10 பிபிஎம் வரை தொடக்கத் தொட்டிக்குப் போதும். கருவியின் பிழையே ஏறத்தாழ 0.02 என்பதால் 0.04-க்கும் 0.06-க்கும் வேறுபாடு தேடாதீர்கள். நாலைந்து கிழமைகளின் போக்கைப் பாருங்கள்.

பூச்சியம் நல்ல செய்தி அல்ல. இயற்கைப் பாரில் பொஸ்பேற்று மிகக் குறைவுதான், ஆனால் அங்கே மிதவை உயிர்கள் ஓயாமல் வந்து முருகைக்கு உணவாகின்றன. தொட்டியில் அது இல்லை. பூச்சியத்திலேயே நின்றால் முருகை வெளிறும். டைனோ எனப்படும் பழுப்பு நிறச் சளிப்படலம் பரவவும் இடமுண்டு. கல் முழுக்கப் பாசியிருந்தும் கருவி 0.01 காட்டினால், பொஸ்பேற்று பாசிக்குள் இருக்கிறது. முதலில் பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எடுங்கள்.

படி 5: தீனியைக் கணக்கிடுதல்

என் கணிப்பில் பெரும்பாலான தொட்டிகளின் சிக்கல் இங்கேதான். உலர் தீனியில் நூற்றுக்கு ஒரு பங்களவு பொசுபரசு இருக்கும். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பொசுபரசு என்றால், அது பொஸ்பேற்றாக ஏறத்தாழ 30 மில்லிகிராம். 200 லீற்றர்த் தொட்டியில் அது முழுவதும் தங்கினால் 0.15 பிபிஎம் கூடும், ஒரே கிராமில்! இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிப்பதை மட்டும் போடுங்கள். உறைந்த தீனியை உருகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போடுங்கள்.

படி 6: மெதுவாக இறக்குதல்

அதே 200 லீற்றர்த் தொட்டியில் 0.30 இருக்கிறது என்போம். 40 லீற்றர் மாற்றினால் 0.24 வரும். ஆனால் சில நாட்களில் கல் விட்டுக்கொடுக்க, எண் பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். மாற்றியது வீணில்லை; கல்லின் இருப்பில் ஒரு பகுதி வெளியேறியிருக்கிறது.

அதோடு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை ஒழுங்காக ஓட்டுங்கள். கீழ்த்தொட்டியில் கீற்றோமோர்பா பாசி வளர்த்து அறுவடை செய்யலாம். அது வளர நைத்திரேற்றும் வேண்டும், அது பூச்சியமானால் பாசியும் நின்றுவிடும். இவை போதாவிட்டால் மட்டும் ஜிஎஃப்ஓ எனும் இரும்பு ஒட்சைட்டுக் குறுணி. ஆர்ஓ நீரில் தூள் போகக் கழுவி, பொதியில் சொன்னதில் பாதியளவில் தொடங்குங்கள். சடுதியாக இறக்கினால் முருகையின் திசு உரிந்து போகலாம். குறுணியிலிருந்து வெளிவரும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே எண் காட்டினால் குறுணி நிறைந்துவிட்டது, மாற்றுங்கள். இலந்தனம் குளோரைட்டு வேகமானது, ஆனால் வீழ்படிவு மீன்களின் செவுளைப் பாதிக்கக்கூடும். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள்.

அறுத்த பாசியையும் மாற்றிய தண்ணீரையும் கடலிலோ கடனீரேரியிலோ கொட்டக் கூடாது. தொட்டியிலிருந்து போகும் வேற்று உயிர் நம் பார்களில் வேரூன்றக் கூடும். பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையோடு சேருங்கள். உப்புத்தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் கழிவுக்குழிக்கு விடுங்கள்.