கூகுளில் என் கடை எங்கே?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். வெப்சைட் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. கூகுளில் தேடினால் வருவதே இல்லை. மாதம் பத்தாயிரம் கொடுத்தால் முதலிடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வில்லாபுரம்

கொடுக்காதீர்கள் அம்மா. விளம்பரம் தவிர, தேடல் பட்டியலில் கூகுள் யாருக்கும் இடம் விற்பதில்லை.

இப்படியொரு கடை இருப்பது முதலில் கூகுளுக்குத் தெரிய வேண்டும். 'கூகுள் சர்ச் கன்சோல்' இலவசம். அதில் வெப்சைட்டைப் பதிந்து, அதன் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள்.

அடுத்து, முகப்புப் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். பலருடைய சைட்டில் வெறும் 'ஹோம்' என்றே இருக்கும். 'ஹோம்' என்று தேடி யார் சேலை வாங்க வருவார்? 'மதுரை சுங்குடி காட்டன் சேலை' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு சேலைக்கும் தனிப் பக்கம் வேண்டும்: கைமுடிச்சா, மெழுகு அச்சா, எத்தனை முழம், சாயம் போகாமல் எப்படித் துவைப்பது என்று கடையில் வாயால் சொல்வதையெல்லாம் அங்கே எழுதுங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை, சொல்லவா விஷயமில்லை? விலையைப் படத்துக்குள் அடைக்காமல் எழுத்தாகப் போடுங்கள்.

பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை அடுக்கும் 'கீவேர்ட் மெட்டா டேக்' என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். அதைப் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009இல் சொல்லிவிட்டது.

கூகுள் மேப்பிலும் கடையைப் பதியுங்கள், அதற்கும் காசில்லை. பலன் தெரியச் சில மாதம் ஆகும்.