ஒரு பானைச் சோறு

பிறந்த நாட்டை விட்டுப் பிறநாடு சென்று தொழில் புரிவார்க்கு, அந்நாட்டு மொழியைக் கற்பதினும் அரியது ஒன்று உண்டு. அஃது உடன் பணிபுரிவாரோடு கலந்து பழகுதல். மொழியை நூலிற் கற்கலாம். ஆசிரியர்பாற் கேட்டும் அறியலாம். பழகும் முறையைப் பழகியே அறிதல் வேண்டும். தென்கொரியாவிற்குச் செல்வோர் இதனைச் சென்ற சின்னாளிலேயே உணர்வர். 2004 ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் வழியாக இலங்கை, வியட்நாம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் தொழிலாளர் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளில் அமர்ந்தனர். இந்தியப் பொறியாளரும் ஆராய்ச்சியாளரும் சியோல், சுவோன் முதலிய நகரங்களில் பணியாற்றி வருகின்றனர். இவர்கள் அங்கே பெரும்பாலும் எதிர்ப்படும் முதல் வினாக்களுள் ஒன்று, "உங்களுக்கு வயது என்ன?" என்பது.

பிறர் வயதை அறிய இத்துணை விரைவது ஏன் என்று அயல்நாட்டார் சிலர் முகஞ்சுளிப்பர். கொரியர் வம்புக்காக அதனைக் கேட்பதில்லை. அவர்தம் மொழியில் வினைச்சொல்லின் ஈறு, கேட்போர் மூத்தவரா, ஒத்தவரா, இளையவரா என்பதற்கேற்ப மாறும். 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என வேறுபடுத்திப் பேசும் தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று. வயது தெரியாதவிடத்து எவ்வீற்றால் தம் பேச்சை முடிப்பது என்று அவர்கள் இடர்ப்படுவர். அலுவலகத்தில் மேலோரை வெறும் பெயரிட்டு அழைத்தல் வழக்கன்று. குலப்பெயரோடு பதவிப்பெயரைக் கூட்டி, இறுதியில் 'நிம்' என்னும் மதிப்புச் சொல்லைச் சேர்த்து விளிப்பர். அண்மைக் காலத்தே சில நிறுவனங்கள் பதவிப்பெயரை நீக்கிவிட்டன. 'நிம்' மட்டும் நிலைத்து நிற்கின்றது.

பகலெல்லாம் இவ்வாறு படிமுறை தவறாது ஒழுகுவோர், மாலையில் சில நாள் ஒன்றுகூடி விருந்துண்பர். இக்கூட்டத்திற்கு 'ஹ்வேசிக்' என்று பெயர். கூடி உண்ணல் என்பது அச்சொல்லின் பொருள். கொரிய மொழியில் குடும்பத்தாரைக் குறிக்கும் 'சிக்கு' என்னும் சொல்லுக்கு, 'உண்ணும் வாய்கள்' என்பதே நேர்ப்பொருள். ஓரிடத்தில் நெடுநாள் உடனுழைத்தாரை, 'ஒரு பானைச் சோறு உண்டவர்' என்று சொல்வதும் அவர்தம் மரபு. ஆகவே உடன் உண்ணாதவர், எத்துணைத் திறமையுடையராயினும், அவர்க்குச் சற்றே அயலாராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

விருந்திற்கும் முறைகள் உண்டு. பலவிடங்களில் தாழ்ந்த பலகையைச் சுற்றித் தரையில் அமர்வர். அங்கே காலணியை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். இளையோர் கரண்டியையும் உண்குச்சிகளையும் எடுத்து வைத்து, நீர் வார்ப்பர். மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே ஏனையோர் உண்ணத் தொடங்குவர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்ணுதலும், உண்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நாட்டுதலும் தகாதன. பின்னது இறந்தோர்க்குப் படைக்கும் படையலை நினைவூட்டும். நடுவே உள்ள அடுப்பில் இறைச்சியைச் சுட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குவர். அதனைக் கீரையிலையிற் பொதிந்து அருகிலிருப்பார் வாயில் ஊட்டுவதும் உண்டு. அஃது அன்பின் மிகுதியே.

இனி, மதுக்கிண்ணத்தைப் பற்றிய முறை. தம் கிண்ணத்தில் தாமே ஊற்றிக்கொள்வதில்லை. ஒருவர்க்கு மற்றவர் ஊற்றுவர். மூத்தார்க்கு ஊற்றும்போதும் அவரிடம் பெறும்போதும் இரு கைகளையும் பயன்படுத்துவர். அவர் முன்னிலையில் அருந்துங்கால் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வர். மதுவைத் தீண்டாதார் இங்கே என் செய்வது? பலரும் அஞ்சுவது இவ்விடத்தேதான். மறுத்தால் நட்புக் கெடுமோ என்று கலங்கிப் பல்லாண்டு காத்த ஒழுக்கத்தை ஒரு மாலையில் கைவிட்டாரும் உளர். கைவிட மனமின்றி விருந்திற்கே செல்லாது அறையில் தனித்திருந்து, ஆண்டு முழுதும் அயலாராகவே கழித்தாரும் உளர். இரண்டுமே வேண்டா இழப்பு. கிண்ணத்தை மறுத்தல் வேறு. கூட்டத்தை மறுத்தல் வேறு. மது அருந்தாதார் 'சைடா' என்னும் நிறமற்ற இனிய சோடாவைத் தம் கிண்ணத்தில் நிரப்பி, மற்றவரோடு உயர்த்தி, "கொன்பே!" என்று வாழ்த்தலாம். தம் கிண்ணத்தில் மதுவை ஏற்காதவர், மூத்தாரின் கிண்ணத்தை நோக்கியிருந்து அது வெறுமையானபோது இரு கையாலும் சோடாவோ நீரோ வார்த்தால், அவர்தம் மதிப்புக் குறைவதில்லை. தாம் அருந்தாமையை விருந்து தொடங்குமுன்னரே பணிவாக, ஆயினும் ஐயத்திற்கு இடமின்றி, உரைத்துவிடுதல் நன்று. பாதி விருந்தில் உரைப்பது நாணத்தாற் கூறும் சாக்காகக் கொள்ளப்படும்.

புலால் உண்ணாதார்க்கு இதனினும் தொல்லை மிகுதி. கொரியரின் 'கிம்ச்சி' ஊறுகாயில் பெரும்பாலும் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். காய்கறிச் சாறு என்பதும் நெத்திலி இட்டுக் காய்ச்சிய நீரினால் ஆகியதாக இருக்கலாம். விருந்தை ஏற்பாடு செய்வாரிடம் முன்னரே சொன்னால், பலவகைக் கீரைகளைச் சோற்றொடு பிசைந்துண்ணும் 'பிபிம்பாப்'பை இறைச்சியும் முட்டையும் நீக்கி வருவிப்பர். பௌத்த மடங்களின் புலாலற்ற சமையல் அந்நாட்டிலேயே நெடுங்காலமாக வழங்கி வருதலின், இவ்வேண்டுகோள் அவர்க்குப் புதுமையன்று.

இவ்விருந்து முற்றிலும் நன்மையே விளைத்தது என்று கூறல் பொருந்தாது. முதற்கடை, இரண்டாங்கடை, பின்னர்ப் பாட்டுக்கூடம் என நள்ளிரவு வரை நீண்டு, இளையோரையும் மகளிரையும் அது வருத்தியதும் உண்டு. 2007 ஆம் ஆண்டில் சியோல் உயர்நீதிமன்றம், விரும்பாத பணியாளரை மது அருந்துமாறு வற்புறுத்துதல் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்து, துன்புற்ற பெண்மணிக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2018 சூலையில் வாரத்திற்கு 52 மணி என்னும் வேலைநேர வரம்பு பெரிய நிறுவனங்களில் நடைமுறைக்கு வந்தது. 2019 சூலையில் பணியிடக் கொடுமையைத் தடுக்கும் சட்டமும் வந்தது. இப்பொழுது விருந்தை நண்பகலிலேயே நடத்தி, மாலையில் வீட்டிற்கு விடுப்பாரும் பலராயினர்.

விருந்தின் செலவைப் பெரும்பாலும் நிறுவனமோ மூத்தவரோ ஏற்பர். மறுநாட் காலையில் அம்மூத்தவரைக் காணும்போது, தலைதாழ்த்தி, "நேற்று நன்றாக உண்டேன்" என்று கொரிய மொழியிற் சொல்லுதல் முறை. அயல்நாட்டார் வாயிலிருந்து அச்சிறு தொடர் பிழையோடு வந்தாலும், அடுத்த இருக்கையில் அதுகாறும் அலுவலைப் பற்றியன்றிப் பேசாதிருந்தவர், நண்பகலில், "உண்ண வருகின்றீரா?" என்று தாமே வந்து அழைப்பதுண்டு.